எந்த இடத்தில் ஆடினோம்? – எமது மாணவியரும் கரப்பந்தாட்டமும்

பாடசாலை மலர்களில் வெளிவரும் விளையாட்டுக் குழுப் படங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. நடுவில் அதிபர், பக்கத்தில் பொறுப்பாசிரியை, அணித்தலைவியின் மடியில் பந்து, பின்வரிசையில் உயரமானவர்கள். கீழே இடமிருந்து வலமாகப் பெயர்கள். யார் செட்டர், யார் நான்காம் இலக்கத்தில் நின்று அடித்தவர், யார் பின்வரிசையில் விழுந்தெழும்பிப் பந்தெடுத்தவர் என்ற விபரம் மட்டும் இருக்காது. "அமர்ந்திருப்போர்", "நிற்போர்" ஆகிய இரண்டுமே மலர்கள் எமக்குத் தந்த இடங்கள்.

இது சின்ன விடயம் என்று தோன்றலாம். ஆனால் ஒரு பிள்ளையைத் தெரிவு செய்ய வருபவர் கேட்கும் முதற் கேள்வியே, "இவர் எந்த இடத்தில் ஆடுகிறவர்?" என்பதுதான். அதற்குப் பதிலும் அந்தப் பதிலை நிரூபிக்கும் சான்றும் இல்லாத பிள்ளையின் திறமை, ஆடிய மைதானத்தோடு நின்றுவிடுகிறது. சங்கத்தின் நூற்றாண்டு மலரில் கரப்பந்தாட்டத்தின் வரலாற்றை எழுதும்போது வெற்றி தோல்விகளை அடுக்காமல், அந்த ஆறு இடங்களின் வரலாற்றையே நாம் எழுத விரும்புகிறோம். எமது தங்கைமாருக்கும், எங்கெங்கோ வாழும் எம்மவரின் பிள்ளைகளுக்கும் இனி பயன்படப்போவது அதுதான்.

மலைக்கு வந்த பந்து

1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வை.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பொறுப்பாளராக இருந்த வில்லியம் மோர்கன் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். கூடைப்பந்தின் மோதலைத் தாங்க முடியாத நடுத்தர வயதினருக்காக அவர் செய்த ஏற்பாடு அது. அப்போது ஒரு பக்கத்தில் எத்தனை பேரும் நிற்கலாம், பந்தை எத்தனை தடவையும் தட்டலாம். இடம் என்ற ஒன்றே அந்த ஆட்டத்தில் இருக்கவில்லை.

இடங்களைத் தந்தது ஆசியா. பிலிப்பைன்ஸ் நாட்டவர்கள் 1916 அளவில், ஒருவர் பந்தை உயர்த்திக் கொடுக்க இன்னொருவர் பாய்ந்து அடிக்கும் முறையை வளர்த்தார்கள். கொடுப்பவர், அடிப்பவர் என்ற பிரிவு அங்கேதான் பிறந்தது. 1918இல் பக்கத்துக்கு ஆறு பேர் என்றும், 1920இல் மூன்று தொடுகை என்றும் விதிகள் வந்தன. எடுத்தல், கொடுத்தல், அடித்தல் என்ற இன்றைய ஒழுங்கு அந்த மூன்று தொடுகைக்குள் அமைந்ததே.

அதே 1916ஆம் ஆண்டில் கொழும்பு வை.எம்.சி.ஏ.யின் உடற்கல்விப் பணிப்பாளர் வால்டர் கெமக் இந்த ஆட்டத்தை இலங்கைக்குக் கொண்டுவந்தார். 1951இல் இலங்கைக் கரப்பந்தாட்டச் சம்மேளனம் தோன்றியது. 1991இல் கரப்பந்தாட்டம் நாட்டின் தேசிய விளையாட்டாகப் பிரகடனம் செய்யப்பட்டது. கிரிக்கெட்தான் தேசிய விளையாட்டு என்று எண்ணியிருக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

மலையகத்துக்கு இது ஏன் ஒத்துப்போனது என்பதை விளக்கத் தேவையில்லை. எங்கள் ஊரில் சமதரை அரிது. தலவாக்கலையில் கொத்மலை ஓயாவின் கரையை விட்டு எந்தப் பக்கம் ஏறினாலும் சரிவு, சரிவு முழுவதும் தேயிலை. கிரிக்கெட்டுக்கோ உதைபந்துக்கோ வேண்டிய மைதானம் ஒரு தோட்டத்தில் அகப்படுவது கடினம். 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் உள்ள ஒரு துண்டு நிலம் பிரட்டுக்களத்தின் முன்னாலோ கோயில் வாசலிலோ கிடைத்துவிடும். இரண்டு சவுக்குக் கம்புகள், ஒரு வலை, ஒரு பந்து. வேலை முடிந்த பிறகு இருட்டும்வரை இளைஞர்கள் ஆடினார்கள்.

இளைஞர்கள் என்றால் ஆண்கள்தான். கொழுந்தெடுத்து நிறுவையை முடித்து வரும் பெண்ணுக்கு, மாலையில் தண்ணீரும் விறகும் அடுப்பும் காத்திருந்தன. ஆகவே மலையகப் பெண்பிள்ளை கரப்பந்தைத் தொட்ட இடம் தோட்டமல்ல, பாடசாலை. அங்கும் பெண்களுக்கு வலைப்பந்து என்ற வழக்கம்தான் முதலில் இருந்தது. வலைப்பந்தில் ஒவ்வொருவரின் நெஞ்சிலும் அவர் ஆடும் இடத்தின் எழுத்து தொங்கும். கரப்பந்தில் இலக்கம் மட்டுமே. ஆடும் இடத்தை ஆட்டத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

ஆலைப் பெண்கள் காட்டிய வழி

பெண்கள் கரப்பந்தாட்டத்தின் வரலாற்றில் எம்மவர் தெரிந்திருக்க வேண்டிய ஒரு பக்கம் உண்டு. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் கரப்பந்தாட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. பெண்களுக்கான தங்கப்பதக்கத்தை ஜப்பான் பெற்றது. அந்த அணியின் பெரும்பகுதி, கைசுகா என்ற ஊரிலிருந்த நிச்சிபோ நூற்பாலையின் அணி. பகலில் ஆலையில் வேலை, அது முடிந்த பின் இரவு நெடுநேரம் பயிற்சி. பயிற்றுநர் டைமட்சு ஹிரோபுமியின் கடுமை இன்றைய அளவுகோலில் ஏற்கத்தக்கதல்ல. அதை நாம் புகழவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது அவர் கண்ட தீர்வை. சோவியத் அணியினரின் உயரமும் அடியின் வேகமும் ஜப்பானியப் பெண்களிடம் இல்லை. வலைக்கு மேலே வெல்ல முடியாததை நிலத்தில் வெல்ல அவர் முடிவு செய்தார். பந்தை நோக்கிப் பாய்ந்து, எடுத்து, தோளால் உருண்டு, அதே வேகத்தில் எழுந்து நிற்கும் முறை அப்படித்தான் வளர்ந்தது. இறுதிப் போட்டியில் சோவியத் அணியை 3–0 என வென்றார்கள். வேலைக்காரப் பெண்கள் என்று எண்ணப்பட்டவர்கள், தமக்கு எது இல்லை என்பதைப் பார்க்காமல் தம்மால் எந்த இடத்தில் எதைச் செய்ய முடியும் என்பதைப் பார்த்ததன் விளைவு அது.

எமது காலத்து மாற்றம்

நாம் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இந்த ஆட்டத்தின் விதிகளே மாறின. அதுவரை 15 புள்ளி ஆட்டம். ஐந்தாவது சுற்றைத் தவிர மற்றச் சுற்றுகளில், சேர்விஸ் போடும் பக்கத்துக்குத்தான் புள்ளி கிடைக்கும். ஒரு சுற்று எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகள், சுற்று முடிவதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கரையில் நிற்பார்கள். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்ப்பக்கம் புகைபோலத் தெரியும். பந்து நனைந்து கனக்கும்.

1998இல் சர்வதேச சம்மேளனம் லிபரோ என்ற புதிய இடத்தை அறிமுகப்படுத்தியது. அணியின் மற்றவர்களிலிருந்து வேறுபட்ட நிறத்தில் சட்டை. பின்வரிசையில் மட்டும் ஆடலாம். வலைக்கு மேலாக அடிக்கக்கூடாது, புளொக் செய்யக்கூடாது. பின்வரிசையில் உள்ள எவருக்குப் பதிலாகவும், நடுவரிடம் மாற்று எண்ணிக்கை கணக்கு வைக்காமல் உள்ளே வந்து போகலாம். அதையடுத்து, யார் சேர்விஸ் போட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்ற 25 புள்ளி முறை வந்தது.

இந்த இரண்டு மாற்றங்களும் சேர்ந்து பின்வரிசையின் மதிப்பை உயர்த்தின. முன்னர் பந்தை எடுக்கத் தவறினால், எதிரணி சேர்விஸ் போட்டிருந்தால்தான் புள்ளி நட்டம். புதிய முறையில் எந்தத் தவறுக்கும் ஒரு புள்ளி போகும். பந்தை ஒழுங்காக எடுத்துக் கொடுக்கும் பிள்ளைக்கு அப்போதுதான் பெயரும் நிறமும் உள்ள ஓர் இடம் கிடைத்தது.

ஆனால் விதி மாறுவதும் பழக்கம் மாறுவதும் ஒன்றல்ல. அந்த ஆண்டுகளில் எம்மில் சிலர் ஒரு தெரிவுக்குச் சென்றிருந்தோம். பந்து வெளியே எடுக்கப்படுவதற்கு முன்பே எங்களை உயர வரிசையில் நிற்க வைத்தார்கள். வரிசையின் ஒரு முனையிலிருந்து எண்ணத் தொடங்கி, வேண்டிய தொகை வந்ததும் நிறுத்தினார்கள். மறு முனையில் நின்றவர்கள் பந்தைத் தொடாமலே ரயிலேறித் திரும்பினோம். எமக்குத் தெரிந்த எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகளின் விளையாட்டு வரலாறு இப்படி ஒரு வரிசையோடு முடிந்திருக்கிறது.

உயரம் பற்றி ஒரு வைத்தியக் குறிப்பு

எம்மில் வைத்தியத் துறைக்கு வந்தவர்கள் அந்த வரிசையை வேறு கண்ணால் பார்க்கப் பழகிவிட்டோம். "தோட்டத்துப் பிள்ளைகள் கட்டைதானே, அது பரம்பரை" என்று சொல்வார்கள். பரம்பரைக்குப் பங்குண்டு. ஆனால் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வைப் பாருங்கள். நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் சுமார் 17 வீதம். தோட்டப்புறத்தில் சுமார் 32 வீதம். ஏறத்தாழ இரு மடங்கு. தாயின் இரத்தச்சோகை, குறைந்த பிறப்பு நிறை, முதல் இரண்டு வருட உணவு, திரும்பத் திரும்ப வரும் வயிற்றோட்டம், நெருக்கடியான லயத்து அறை ஆகியன சேர்ந்து எழுதிய கணக்கு அது.

அந்த ஆய்வின்போது தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளைகள்தான் இன்று பாடசாலையில் கரப்பந்து பழகும் வயதில் இருக்கிறார்கள். பெண்பிள்ளைகள் பருவமடைந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் உயர்வது பெரும்பாலும் நின்றுவிடும். முதல் ஆயிரம் நாட்களில் இழந்ததைப் பதினைந்து வயதில் பயிற்சியால் முழுமையாக மீட்க முடியாது. எனவே உயரத்தை மட்டும் பார்த்துத் தெரிவு செய்பவர், குழந்தைப் பருவத்து வறுமைக்கு இரண்டாவது தடவையாகத் தண்டனை கொடுக்கிறார்.

உயரம் தேவையில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பெண்களுக்கான வலையின் உயரம் 2.24 மீற்றர். அது யாருக்காகவும் தாழாது. ஆனால் வலைக்கு மேலே போவது தலையல்ல, கை. 155 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு பிள்ளை நின்றபடி கையை உயர்த்தினால் ஏறத்தாழ 2 மீற்றரைத் தொடுவாள். ஓடிவந்து 40 சென்ரிமீற்றர் எழும்பினால் 2.40 மீற்றர். 170 சென்ரிமீற்றர் உயரமுள்ளவள் நின்றபடி 2.20 மீற்றரைத் தொட்டு, 25 சென்ரிமீற்றர் மட்டுமே எழும்பினால் 2.45 மீற்றர். வரிசையில் 15 சென்ரிமீற்றராகத் தெரிந்த வித்தியாசம் வலையருகே 5 சென்ரிமீற்றராகச் சுருங்குகிறது. எழும்புவது பயிற்சியால் கூடும். அதனால்தான் உயரத்தோடு, நின்று தொடும் அளவையும் ஓடிப்பாய்ந்து தொடும் அளவையும் சேர்த்தே எழுத வேண்டும் என்கிறோம். ஒரு சுவர், ஒரு துண்டு சோக்கட்டி, ஓர் அளவுநாடா இருந்தால் போதும்.

ஜப்பானின் தக்கெஷிதா யொஷியே 159 சென்ரிமீற்றர் உயரமுள்ள செட்டர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்குக்கு ஜப்பான் தகுதி பெறாதபோது அவரது உயரமே குறையாகப் பேசப்பட்டது. 2006 உலகச் சம்பியன்ஷிப்பில் அவரே மிகச் சிறந்த வீராங்கனையாகத் தெரிவானார். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியிலும் ஆடினார்.

மறுபுறம், உயரமே பலமாக அமைந்த எம்மினத்துப் பெண்ணும் உண்டு. யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம் 6 அடி 10 அங்குல உயரத்தோடு வலைப்பந்தில் கோல் போடும் இடத்தில் நின்று, 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் இலங்கை ஆசியச் சம்பியனாக உதவினார். ஒருவரின் உடலுக்கும் திறனுக்கும் உரிய இடத்தை யாரோ கண்டுகொண்டார்கள் என்பதுதான் இருவர் கதையிலும் பொது.

கதவுகள் எங்கே இருக்கின்றன?

நாடற்றவர் என்ற நிலையில் எமது பாட்டிமாரும் தாய்மாரும் வாழ்ந்த காலத்தில், எவ்வளவு திறமையாக ஆடினாலும் தேசிய அணியின் கதவோ அரச சேவையின் கதவோ திறந்திருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டியதை 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள்தான் முழுமையாகத் திறந்தன. தகுதி இருந்தும் தெரிவுக்கே போக முடியாத ஒரு தலைமுறை எமக்கு முன்னால் இருந்தது என்பதை இந்த மலரில் பதிவு செய்வது எமது கடமை.

இன்று கதவுகள் உண்டு. வழியைத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என ஒதுக்கப்படுவதை எல்லோரும் அறிவோம். நுவரெலியா அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. இதற்குப் புறம்பாக, தேசிய அல்லது சர்வதேச மட்டத்தில் விளையாட்டு போன்ற துறைகளில் தனித்திறமை காட்டியவர்களுக்காக 0.5 வீதம் வரையான இடங்கள் உண்டு என்பதைப் பலர் அறியார். உயர்தரத்தில் சித்தியடைந்திருப்பது அதற்கும் கட்டாயம். சப்ரகமுவ பல்கலைக்கழகம் போன்றவற்றில் விளையாட்டு விஞ்ஞானம், உடற்கல்வி ஆகியவற்றிலேயே பட்டம் பெறலாம். கல்வியியல் கல்லூரிகளில் பயின்று உடற்கல்வி ஆசிரியையாகலாம். முப்படைகளும் பொலிசும் தமது அணிகளுக்கு வீராங்கனைகளைச் சேர்த்துக்கொள்கின்றன.

கடல் கடந்தால் முறைகள் வேறு. தமிழ்நாட்டில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளும், கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீடும் உண்டு. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் கப்பலேறி நீலகிரிக்கும் கூடலூருக்கும் போன எமது அக்காமாரின் பேத்திகள் அந்த வழியைப் பயன்படுத்தலாம். கேரளத்தின் சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரி பெண்கள் கரப்பந்தாட்டத்துக்குப் பேர்போனது.

அமெரிக்காவிலோ, கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையிலான பாரபட்சத்தை 1972ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்ததன் பின்னர், பெண்கள் விளையாட்டுக்கும் கல்லூரிகள் புலமைப்பரிசில் ஒதுக்க வேண்டி வந்தது. 2023 ஆகஸ்டில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் ஒரு கரப்பந்தாட்டத்தைக் காண 92,003 பேர் திரண்டார்கள். அங்கே கல்லூரிப் பயிற்றுநர்கள் தாமே பிள்ளைகளைத் தேடுகிறார்கள். பாடசாலை, கழகப் போட்டிகளை நேரிற் பார்க்கிறார்கள், பிள்ளைகள் அனுப்பும் காணொளிகளைப் பார்க்கிறார்கள். கனடாவிலும் வட அமெரிக்காவின் பிற பகுதிகளிலும் பிள்ளைகளை வளர்க்கும் எம்மவருக்கு இது பழகிய விடயம்.

எமது முறைக்கும் அவர்களது முறைக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. எமது நாட்டில் சான்றிதழ் அணியின் வெற்றியோடு வருகிறது. வலய மட்டத்தில் அணி தோற்றால், அதிலுள்ள மிகச் சிறந்த செட்டரும் மாகாணத்தையோ அகில இலங்கைப் போட்டியையோ காணமாட்டாள். அங்கே தோற்ற அணியிலும் ஒருவரின் தனித்திறனைத் தேடி எடுக்கிறார்கள். அதற்கு வழி செய்வது இடவாரியான பதிவு. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

ஒவ்வோர் இடத்திலும் எதைக் காட்டுவது?

தெரிவாளர் முன் ஆடும்போதும் காணொளி எடுக்கும்போதும் பிள்ளைகள் ஓங்கி அடிக்கும் அடிகளை மட்டும் காட்டுகிறார்கள். பார்ப்பவருக்கு அது போதாது. இடத்துக்கு இடம் கேள்வி மாறும்.

செட்டர்: நல்ல பந்தை அழகாக உயர்த்துவதை எவரும் செய்வர். வலையிலிருந்து விலகி வந்த கெட்ட பந்துக்குக் கீழே காலைக் கொண்டுபோய், அதை அடிக்கக்கூடிய பந்தாக மாற்றுவதுதான் செட்டரின் சோதனை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப ஒரே உயரத்தில் கொடுப்பதையும், யாருக்குக் கொடுக்கப்போகிறாள் என்பதை உடல் காட்டிக்கொடுக்காமல் இருப்பதையும் காட்ட வேண்டும்.

இடப்பக்க ஸ்பைக்கர்: நான்காம் இலக்கத்தில் அடிப்பவருக்கே பெரும்பாலும் எதிரணி சேர்விஸும் வரும். எனவே சேர்விஸை எடுத்து, உடனே வெளியே ஓடி, அடிக்க வருவதை ஒரே தொடராகக் காட்ட வேண்டும். இரட்டைப் புளொக் முன்னால் நிற்கும்போது கையில் பட்டு வெளியே போகுமாறு அடிப்பதும், வெறுமையான இடத்தில் மெல்லப் போடுவதும் வெறும் பலத்தைவிட அதிகம் பேசும்.

நடு புளொக்கர்: இவரிடம் பார்ப்பது கால். எதிரணி செட்டரின் கையைப் பார்த்து, பக்கவாட்டில் நகர்ந்து, பக்கத்திலிருப்பவரோடு சேர்ந்து எழும்புவது. புளொக் முடிந்து தரையிறங்கிய கணமே பின்வாங்கி வேகப் பந்துக்குத் தயாராவது. பந்து தனக்கு வராத வேளையிலும் ஓடி எழும்பி எதிரணியை ஏமாற்றுவதைக் காட்டினால், அறிந்த தெரிவாளர் உடனே குறித்துக்கொள்வார்.

வலப்பக்க ஆட்டக்காரர்: செட்டருக்கு எதிர்மூலையில் சுழலும் இவர், எதிரணியின் மிகப் பலமான ஸ்பைக்கரைத் தடுக்க வேண்டியவர். பின்வரிசையில் நிற்கும்போது 3 மீற்றர் கோட்டுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து அடிப்பதும், செட்டர் முதற் பந்தை எடுத்துவிட்டால் அவருக்குப் பதிலாகப் பந்தை உயர்த்திக் கொடுப்பதும் இவரது சிறப்பு. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு இது வாய்ப்பான இடம். பள்ளியில் இடக்கையால் எழுதியதற்கு ஏச்சு வாங்கிய பிள்ளைகளை இங்கே தேடிப் பிடிக்க வேண்டும்.

லிபரோ: பாய்ந்து விழும் காட்சிகள் பார்ப்பவரைக் கவரும். ஆனால் தேர்ந்த லிபரோ அதிகம் விழமாட்டாள். பந்து வருமுன்பே அந்த இடத்தில் நிற்பாள். அதனால் காணொளியில் எதிரணி அடிப்பதற்கு முந்திய கணத்திலிருந்தே காட்ட வேண்டும். குரலும் கேட்க வேண்டும். பின்வரிசையை ஒழுங்குபடுத்தும் குரல் லிபரோவுடையது. அடக்கமாகப் பேசு என்று பழக்கப்பட்ட எம் பிள்ளைகளுக்கு இதுதான் கடினமான பயிற்சி.

லிபரோவைத் தவிர மற்ற எல்லோரும் சேர்விஸில் பலத்தை மட்டுமன்றி, சொன்ன இடத்தில் போடும் திறனையும் காட்ட வேண்டும். காணொளியைப் பின்கோட்டுக்குப் பின்னால் சற்று உயரத்திலிருந்து எடுத்தால் முழு மைதானமும் தெரியும். எங்கள் ஊரில் அந்த உயரத்துக்குக் குறைவில்லை, மைதானத்துக்கு மேலே எப்போதும் ஒரு மண்மேடு இருக்கும். தெரிந்தெடுத்த துண்டுகளோடு, வெட்டாத ஒரு முழுச் சுற்றையும் சேர்க்க வேண்டும். தவறுக்குப் பின் பிள்ளை எப்படி நடந்துகொள்கிறாள் என்பது அதில்தான் தெரியும். தொடக்கத்தில் பெயர், சட்டை இலக்கம், பிறந்த திகதி, ஆடும் இடம், உயரம், நின்று தொடும் அளவு, பாய்ந்து தொடும் அளவு, பரீட்சைப் பெறுபேறு ஆகியன இருந்தால் போதும். பாட்டும் அலங்காரமும் வேண்டாம்.

இந்த வழியில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிறு வயதிலேயே ஒரு பிள்ளையை ஓர் இடத்தில் பூட்டிவிடக்கூடாது. பன்னிரண்டு வயதில் கட்டையானவள் என்று லிபரோ சட்டையைப் போட்டுவிட்டால், அதுவும் அந்த உயர வரிசையின் மறுவடிவமே. பதினைந்து வயதுவரையாவது எல்லோரும் எல்லா இடத்திலும் ஆட வேண்டும், எல்லோரும் அடிக்கவும் எடுக்கவும் கொடுக்கவும் பழக வேண்டும். அதன் பின்னர் அவளே தன் இடத்தைக் கண்டடைவாள்.

சங்கத்திடம் எமது வேண்டுகோள்

இரண்டாம் நூற்றாண்டில் காலடி வைக்கும் எமது சங்கத்தால் அதிகச் செலவின்றிச் செய்யக்கூடியவை சில. ஒவ்வொரு வருடமும் அணியின் ஒவ்வொரு பிள்ளைக்கும் மேற்சொன்ன விபரங்களோடு ஒரு பக்கம் எழுதி வைக்கும் பதிவேடு. தவணைக்கொரு முறை கைத்தொலைபேசியில் எடுத்த முழு ஆட்டக் காணொளி. சான்றிதழ்களின் பிரதிகளைப் பாதுகாக்கும் ஒரு கோவை. லயத்து அறையில் மழை ஒழுகி நனைந்த சான்றிதழை நேர்முகத்துக்குக் கொண்டுவந்த பிள்ளையை நாம் கண்டிருக்கிறோம். உயர்தரம் எழுதும் ஆண்டில், விண்ணப்பங்களை நிரப்பித் தர ஒரு அக்கா. தமிழ்நாட்டிலும் கொழும்பிலும் கனடாவிலும் பிரித்தானியாவிலும் உள்ளவர்கள், தத்தம் ஊர்க் கல்லூரிகளின் தெரிவு முறையை எழுதி அனுப்பலாம்.

வைத்தியர்களாக எமது பங்கு இது: போட்டிப் பருவத்துக்கு முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஹீமோகுளோபின் பரிசோதனை. இரத்தச்சோகையுள்ள பிள்ளையிடம் மூன்றாவது சுற்றில் வேகத்தை எதிர்பார்ப்பது நியாயமல்ல. அதைச் சோம்பல் என்று ஏசுவது அதைவிட அநியாயம். வலையடியில் இன்னொருவரின் காலில் இறங்கிக் கணுக்கால் பிரள்வது இந்த ஆட்டத்தில் அதிகம் நிகழும் காயம். ஆகவே அளவான சப்பாத்தும் இறங்கும் முறைப் பயிற்சியும் வேண்டும். இரண்டுக்கும் எம்மில் பத்துப் பேர் கைகொடுத்தால் போதும்.

பழைய மாணவியர் அனைவரிடமும் ஒரு சிறு வேலையையும் கேட்கிறோம். உங்கள் வீட்டுப் பெட்டியில் குழுப் படம் ஒன்று இருக்கும். அதை எடுத்து, பின்புறத்தில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே அவர் ஆடிய இடத்தை எழுதுங்கள். எழுதியதைப் படம் பிடித்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். நினைவுள்ளவர்கள் இருக்கும்போதே அதைச் செய்து முடிப்போம். பதிவேட்டின் முதற் பக்கங்கள் அவையாக இருக்கட்டும்.